இரண்டு மணி நேரம்

கடையில் இரண்டு கடிகாரம் மாட்டியிருக்கிறேன்.
ஒன்று தலைநகரின் நேரம்.
மற்றது சூரியனுடையது, இரண்டு மணி பிந்தியது.
லாரிக்காரர்கள் முதலாவதைப் பார்ப்பார்கள்,
என் வயிறு இரண்டாவதை.

கணவாய்க்கு முந்தைய கடைசி டயர்க்கடை இது.
இதற்கு மேலே பஞ்சரானால்
கடவுளைத்தான் கூப்பிட வேண்டும்.
அவரிடம் ஜாக்கி இருக்குமா தெரியாது.

இன்று புர்மகான் வந்தாள்,
மேல்மேய்ச்சலில் இருக்கும் கிர்கிஸ்காரி.
பின்சக்கரத்தில் ஆணி.
பின்னிருக்கையில், கம்பளியில் சுற்றி,
பிறந்து எட்டு நாளான யாக் கன்று.

வேலியைப் பனிச்சரிவு மூடிய இரவில்
தாய் அதன்மேல் நடந்து
அடுத்த தேசத்துக்குப் போய்விட்டதாம்.
அங்கே வாழ்க்கைப்பட்ட தங்கை ஜிபர்
தன் கொட்டிலில் கட்டியிருக்கிறாள்.
"மடி கனத்துக் கதறுகிறது,
நான்தான் கறக்கிறேன், கோபிக்காதே அக்கா."

மனு கொடுத்தாளாம்.
அடையாள எண் கேட்டார்களாம்.
வலக்கொம்பு முறிந்தது, உப்புக்கு ஓடிவரும்
என்றாளாம் இவள்.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

மலையை உய்குர்கள் நாங்கள் 'தாக்' என்போம்.
அவள் 'தோ' என்கிறாள்.
தொண்டையிலிருந்து வரும் அந்தக் கடைசி ஒலியை
அவள் முன்னோர் ஏதோ ஒரு ஏற்றத்தில்
மூச்சு வாங்குகையில் இறக்கி வைத்திருக்க வேண்டும்.
மற்றபடி
பசி என்றால் இருவருக்கும் விளங்குகிறது.

பழைய ட்யூபை வெட்டிக் காம்பு செய்தேன்.
ஹெல்செம் ஆட்டுப்பாலைக் காய்ச்சி
பீர் பாட்டிலில் ஊற்றித் தந்தாள்
(பாட்டில் எப்படி வந்ததென்று கேட்கவில்லை, நல்லவள்).
கன்று முதலில் துப்பியது.
ரப்பர் வாசனை எனக்கே பிடிக்காது.
பிறகு என் கட்டைவிரலையும் சேர்த்துச் சப்பியது.

புர்மகான் போன் போட்டு
ஸ்பீக்கரில் வைத்தாள்.
"அங்கே மணி என்ன?"
"ஆறு."
என் இரண்டாவது கடிகாரத்திலும் ஆறு.
அதற்குப்பின் ஜிபர் பேசவில்லை.
வாளியில் பால் விழும் சத்தம் மட்டும்,
முதலில் தகரத்தில், பிறகு பாலிலேயே,
இடையில் ஒரு செருமல்,
மாட்டினுடையது.

கன்று குடிப்பதை நிறுத்திக்
காதைத் திருப்பியது.

நாங்கள் மூவரும்
கடையில் வேறெதையாவது பார்த்தோம்.
நான் ஆணியைப் பார்த்தேன். மூன்று அங்குலம்,
லாடத்தினுடையது, துரு இல்லை.

வெளியே ஹாரன்.
முதல் கடிகாரத்தில் எட்டு,
சோதனைச்சாவடியில் கேட்டை இறக்குகிறார்கள்.