இருபத்து மூன்றாவது உறை

கூட்டம் புதன் இரவு ஏழரைக்கு.
டூங்காபி ஓடையோரத் தகரக் கொட்டகையில்
நவம்பர் வெக்கை இன்னும் கூரையை விட்டு இறங்கவில்லை.
ப்ரெண்டா, வோங், தேன்மொழி, நான்,
தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே
வாடகை தராத ஒரு பொசம்.

நாற்காலி அறுபது என்று முடிவானது.
கொடி ஏற்றுவது யார் என்று முடிவானது,
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
சொசேஜ் சுட்டால் போதும் என்றார் வோங்.
சைவக்காரர்களுக்கு என்ன என்றாள் தேன்மொழி.
வெங்காயம் இருக்கிறதே என்றார் அவர்.
அதற்குப் பிறகு இருபது நிமிடம்
மசால் வடையைப் பற்றியே பேசினோம்.

"மேடையில் இடக்கையால்தான் குலுக்க வேண்டும்,
சாரணர் வழக்கம், பெற்றோருக்கும் சொல்லிவையுங்கள்,"
என்றார் ப்ரெண்டா.
தேன்மொழி என் காலை மிதித்தாள்.
பீச்சாங்கை என்று ஒரு சொல் உண்டு,
அதை ஆங்கிலத்தில் சொன்னால்
வடை யாருக்கும் இறங்காது.
கொடுப்பதும் வாங்குவதும் சோத்தாங்கை என்று
பிள்ளைகளுக்குப் பருப்புச் சோற்றோடு ஊட்டியிருக்கிறோம்.
இதயம் இருக்கும் பக்கம் என்று விளக்கினார் ப்ரெண்டா.
கழுவுகிற பக்கமும் அதுதான்
என்று நாங்கள் சொல்லவில்லை.

பட்டியல் என் பொறுப்பு.
குருளைச் சாரணர் இருபத்து மூன்று பேர்,
உறை இருபத்து மூன்று,
பெயர்களை நானே எழுதினேன்,
ஸோயியின் தலைமேல் இரட்டைப் புள்ளியை மறக்காமல்.
வியாழன் வந்த பொட்டலத்தில்
மலைநடைச் சின்னம் இருபத்து இரண்டு.
கொட்டினேன், எண்ணினேன், பையைத் திருப்பி உதறினேன்,
சாப்பாட்டு மேசையில் ஐந்தைந்தாக அடுக்கினேன்.
இருபத்து இரண்டு.
கடைக்கு ஃபோன் செய்தால்
அடுத்த செவ்வாய் என்கிறது ஒரு குரல்.
விழா சனிக்கிழமை.

யாரை விடுவது?
மின் குவானை முடியாது, முழங்காலில் தையலோடு ஏறியவன்.
ஸோயியின் அப்பா பெர்த்திலிருந்து வருகிறார்,
இதற்கென்றே.
பட்டியலில் கடைசிப் பெயரை விடலாமா என்று பார்த்தேன்,
அது ஒரு நியாயமா.
பிறகு தெரிந்தது, முதலிலேயே தெரிந்ததுதான்:
பட்டியல் எழுதியவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறான்.
ப்ளூ மவுண்டன்ஸில் ஒன்பது கிலோமீட்டர் நடந்தவன்,
கடைசி இரண்டில் அழுதுகொண்டே நடந்தவன்.
அழுததைக் குறிக்கப் பட்டியலில் கட்டம் கிடையாது.

நீச்சல் வகுப்பு முடிந்து வரும்போது
காரில் சொன்னேன். அதியன்
ஈரத் தலையைத் துவட்டுவதை நிறுத்தவில்லை.
சிவப்பு விளக்கு இரண்டு தாண்டியது.
"கவர் இருக்குமா?"
இருக்கும்.
"காலியாவா?"
செவ்வாய்க்கிழமை வந்துடும்டா.
"அப்ப உள்ள ஏதாவது போடு.
தட்டையா இருந்தா
பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரிஞ்சிடும்."

வெள்ளி இரவு தையல் டப்பாவைக் கிளறினேன்.
அவன் அப்பாவின் குளிர்கோட்டிலிருந்து கழன்ற
பெரிய பொத்தான், நாலு துளை,
ஏறக்குறைய சின்னத்தின் அகலம்.
போட்டேன். ஆட்டிப் பார்த்தேன்.
சத்தம் வந்தது. பஞ்சு சுற்றினேன்.

இப்போது சமையலறையில் ஒத்திகை.
நான்தான் ப்ரெண்டா. ஃப்ரிட்ஜ் கொடிக்கம்பம்.
உறையைச் சோத்தாங்கையில் நீட்டுகிறேன்,
மற்றதையும் கூடவே நீட்டுகிறேன்,
நாலு கைகளும் குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கிக்கொள்கின்றன.
திரும்ப.
ஒருமுறை உறை கீழே விழுந்து
பொத்தான் தன் இருப்பைச் சொல்லிவிடுகிறது,
பஞ்சையும் மீறி.
திரும்ப.
ஐந்தாவது தடவை சரியாக அமைகிறது,
வடைக்கு ஊறும் கடலைப்பருப்பில் நனைந்த
என் பீச்சாங்கைக்குள் அவனுடையது.

"இவ்வளவு நேரம் பிடிக்கக் கூடாதும்மா," என்கிறான்.
"பின்னாடி இன்னும் ஏழு பேர் நிப்பாங்க."