கொஞ்சம் சூடு வேணும்

அக்னி நட்சத்திரம், ஒன்பதாம் நாள்.
ஊரே நிழலுக்கு அலையும் நண்பகலில்
வில்லிவாக்கத்தில் ஒருத்தி
சூடு தேடிக்கொண்டிருந்தாள் என்றால்
சிரிக்கத்தான் செய்வீர்கள்.

மின்விசிறியையும் நிறுத்தியாயிற்று.
மைக்குக்கு அது ஆகாது.
முதுகில் வழிவது என் சொந்த வியர்வை,
திரையில் ஓடுவது
ஒரு சொட்டும் வியர்க்காத
புல்லாங்குழல்.

"எல்லாம் சரியா இருக்கு மேடம்,
ஆனா ஐஸ்ல வெச்ச மாதிரி இருக்கு"
என்று குரல்செய்தி அனுப்பியிருந்தார்
முதியோர் காப்பீட்டு விளம்பரக்காரர்.
மொத்தம் முப்பது நொடி.
அதில் பதினொன்று எனக்கு,
மிச்சம்
நிபந்தனைகளை வேகமாக வாசிப்பவருக்கு.

சரியாக இருப்பதுதான் சிக்கல்.
ஒவ்வொரு ஸ்வரமும்
பணியாரக் கல்லில் குழி பார்த்து ஊற்றிய மாவாக
அதனதன் இடத்தில் இறங்குகிறது.
மூச்சு வாங்கும் ஓசையைக்கூட
நான்தான் தனியாகச் சேர்த்தேன்.
ஒரே மூச்சு, நாற்பது இடத்தில்.
கேட்கக் கேட்க
யாரோ ஒருவர் உள்ளிழுத்துக்கொண்டே இருக்கிறார்,
வெளியே விடவே இல்லை.

இரண்டு வருடம் இரைச்சலை விரட்டியவள் நான்.
எர்த் இல்லாத பிளக் பாயிண்டின் 'ம்ம்ம்',
அரக்கோணம் லோக்கல்,
அடுத்த தெரு வெல்டிங் பட்டறை.
முட்டை அட்டையும் பழைய மெத்தையும் சுவரில் ஏற்றி
எல்லாவற்றையும் வெளியே அனுப்பினேன்.
இப்போது ரிச்சி தெருவில்
மூவாயிரம் கொடுத்து
இரைச்சலைத் திரும்ப வாங்கி வந்திருக்கிறேன்,
ஒரு கேசட் டெக்காக.

"ஹெட் நல்லாருக்கு. மோட்டார்தான் கொஞ்சம் சொணங்கும்.
கரண்ட் ஏறி இறங்குனா
அதுவும் கூடவே ஏறி இறங்கும்" என்றார் ஜக்கரியா.
அதையே குறையாகச் சொல்லித்தான்
இருநூறு குறைத்தேன்.

புல்லாங்குழலை நாடாவுக்குள் அனுப்பினேன்,
முள் சிவப்பைத் தொடும்வரை.
போன குரல் வேறு, வந்த குரல் வேறு.
மேல்ஸ்தாயியின் கூர் மழுங்கியிருந்தது.
அடியில் சன்னமாக ஒரு 'ஸ்ஸ்ஸ்',
தோசைக்கல் காய ஆரம்பிக்கும்போது போல.
நன்றாகத்தான் இருந்தது.
ஐஸும் இருந்தது.

சரி, கடைசியாக ஒன்று.
நாடாவை ஸ்பீக்கரில் ஓடவிட்டு
எதிரே மைக்கை நிறுத்தினேன்.
ஏழாவது நொடியில்
கீழ்வீட்டு மல்லேஸ்வரி
மோட்டார் போட்டார்.

ட்யூப்லைட் ஒரு கண் சிமிட்டியது.
டெக் சுணங்கியது.
நீண்ட பஞ்சமம்
அரைக்கால் அளவு சரிந்து,
தடுமாறி,
மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றுகிறவர் போல
தன்னைத்தானே பிடித்துக்கொண்டு
மேலே வந்தது.

அத்தனை நேரம் உள்ளிழுத்திருந்த அந்த யாரோ
மூச்சை வெளியே விட்டார்.

அதை இன்னொரு முறை பிடிக்க
பொழுது சாயும்வரை பார்த்தேன்.
படிக்கட்டில் நின்றுகொண்டு
"அக்கா, ஆஃப் பண்ணுங்க... ம், இப்பப் போடுங்க."
ஏன் எதற்கு என்று கேட்காமல்
ஆறு தடவை போட்டார்.
ஒரு தடவை முந்தியது, ஒரு தடவை பிந்தியது,
ஒரு தடவை சரிந்த ஸ்வரம் எழுந்திருக்கவே இல்லை.
ஆறாவதில் தொட்டி நிரம்பி
ஜன்னல் வழியே அருவி.
"லாரித் தண்ணி என்ன விலை தெரியுமா?" என்று
தெருவிலிருந்து ஹவுஸ் ஓனர் தேவசகாயம்.
அது மட்டும் மிகத் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

முதல் டேக்கையே அனுப்பினேன்.

இரவு பத்தரைக்குப் பதில் வந்தது:
"இதான் மேடம். இதேதான்.
என்ன பிளக்-இன் போட்டீங்க?"

'அரை ஹெச்பி' என்று அடித்தேன்.
அழித்தேன்.
நன்றி என்று மட்டும் அனுப்பிவிட்டு
மின்விசிறியைப் போட்டேன்.

காலையில் மல்லேஸ்வரி அக்காவிடம்
கரண்ட் பில்லில் என் பங்கைக் கேட்க வேண்டும்,
ஏழு தடவைக்கு.