கைவிட்டவர் பெயர்

கிளிநொச்சி நீதிமன்றத்துக்கு எதிரே
சட்டத்தரணியின் அறையில் மூன்று கதிரை.
ஒன்றின் கால் ஆடுகிறது. அதில் நான்.

இடப்பக்கம் சத்தியசீலன்.
பதினாறு வருடத்துக்கு முன் புதுக்குடியிருப்பில்
பிள்ளைக்குப் பால்மா தேடிச் சைக்கிளில் போனவர்.
பிறகு எங்கே இருந்தார் என்பது
அவர் சொன்ன அளவுக்குத்தான் தெரியும்:
ஒரு கப்பல், ஒரு மறியல், யாரோ ஒருவரின் பெயர்.
வலப்பக்கம் நகுலேஸ்.
அறுவெட்டு மெசினிலிருந்து நேரே வந்தவர்.
கழுத்தெல்லாம் வைக்கோல் சுணை,
சொறியக் கூச்சம்.

சட்டத்தரணி சின்னப் பிள்ளை. மெதுவாகத்தான் சொன்னாள்:
அக்கா, நீங்கள் செய்தது குற்றமில்லை.
ஏழு வருடத்துக்கு மேல் ஒரு தகவலுமில்லை,
மரணப் பத்திரமும் கையில் இருந்தது.
உங்களை ஒருவரும் மறியலில் போடேலாது.

மூச்சு விட்டேன்.

ஆனால், அது கலியாணமும் இல்லை அக்கா.
இவர் உயிரோடு இருந்தபடியால்
இரண்டாவது எழுத்து
எழுதின அன்றைக்கே வெறுங்கடதாசி.
முதலாவது அப்படியே இருக்கு.

அப்படியே இருக்கிறதாம்.
வீடு ஷெல்லில் போனது,
தாலி மாத்தளனில் ஒரு கொத்து அரிசிக்குப் போனது,
பால்மாவுக்கு அழுத பிள்ளை உயர்தரம் படிக்கிறாள்,
வெறுங்கடதாசிக்குப் பிறந்தவன்
மல்லாவியில் இரண்டாம் வகுப்பு.
அது மட்டும் அப்படியே இருக்கிறதாம்.

இவரிடம் விவாகரத்து எடுத்தால்
அவரைத் திரும்ப எழுதலாம்.
ஆனால் சும்மா தரமாட்டினம், காரணம் கேட்பினம்.
வன்மத்தோடு கைவிட்டது என்று
ஒருவர் மேல் எழுதவேணும்.
ஆர் மேல எழுத?

அவளின் பேனை கோட்டுக்கு மேலே நின்றது.

பால்மா தேடிப் போனவர் மேலா.
விதானையின் கடிதத்தோடு
கச்சேரி வரிசையில் நின்ற என் மேலா.
செத்ததைக் கண்டனீரோ என்று கேட்டார்கள்.
இல்லை என்றேன்.
பரவாயில்லை, கையெழுத்து வையும் என்றார்கள்.
நட்ட ஈட்டுக் காசில் கூரை போட்டேன்.
போன கிழமை அந்தக் கூரைக்குக் கீழேதான்
சத்தியசீலன் தேத்தண்ணி குடித்தார்,
அண்ணாந்து பார்த்து, நல்ல ஓடு என்றார்.

பத்திரத்தைக் காட்டுங்கோ என்றார் இப்போது.
தன் மரணத்தை இரண்டு தரம் வாசித்தார்.
அப்பாவின்ர பெயர் பிழை.
கணபதிப்பிள்ளையில ஒரு 'ப்' விட்டிட்டினம்.

நகுலேஸ்தான் முதலில் சிரித்தார்.
பிறகு நான். பிறகு செத்தவர்.
சட்டத்தரணிப் பிள்ளை மட்டும்
எங்களைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தாள்.

என்னில எழுதுங்கோ, தங்கச்சி. கைவிட்டது நான்.
வேண்டாம் அண்ணை, பொய்யெல்லோ, என்றார் நகுலேஸ்.
கோட்டுக்குத்தானே.

இன்னும் எழுதவில்லை.
திரும்ப வைகாசியில் வரச் சொன்னாள்.

பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது.
வீதிக்கு அந்தப் பக்கக் கடையில்
சத்தியசீலன் பால்மாவின் விலை கேட்பது தெரிந்தது.
பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
வாங்கவில்லை.