இசட் டிரைவ்

பீளமேட்டில் என் திரை.
பெருந்துறைச் சாயப்பட்டறையில்
மாடிப்படிக்கு அடியில் சர்வர்.
இடையில் அறுபது கிலோமீட்டர் இருட்டும்
ஒரு சாய்கோடும்.

ஒன்றல்ல, இரண்டு போடணும்
என்று தெரிவதற்குள் மணி ஒன்று.

பிறகு இசட் என்றொரு டிரைவ்
மேசைக்கே வந்துவிட்டது,
உள்ளே மூவாயிரம் நீலங்கள்,
கிராம் கணக்கில்.

புரோகிராமை ஓட்டினேன். ஒரே கோப்பில் நின்றது:
'வேறொருவர் திறந்திருக்கிறார்.'

இந்நேரத்திலா?

போன் போட்டேன். எந்திர இரைச்சலுக்குள்ளிருந்து
நைட் ஷிப்ட் பொங்கியண்ணன்:
"சித்த இருங்க தம்பி,
துணி இன்னும் அந்த நீலத்துக்கு வரலீங்க."

படிக்க மட்டும் என்று திறந்து உட்கார்ந்தேன்.
அவர் சேமிக்கச் சேமிக்க
கடைசி இலக்கம் மட்டும் மாறுகிறது.
நாலு. ஆறு. மறுபடி அஞ்சு.

தொட்டியில் இப்போது
ஒரு சிட்டிகை விழுந்திருக்கும்.