நாற்பது நிமிடப் புல்

நாற்பது நிமிடம்.
மஸ்கட்டை விட்டு வந்த வருடம்
கருங்கல்லில் வீட்டின் பின்னால் நான் விரித்த புல்லை
மெஷின் வெட்டி முடிக்க ஆகும் நேரம் அது.

கொரியன் புல்.
லாரியில் பாய்ப்பாயாய் வந்து இறங்கியது.
பதினாறு வருடம் சிமென்டும் மணலும் பார்த்த கண்ணுக்கு
ஒரே பச்சை வேண்டியிருந்தது,
ஒரே உயரத்தில்.
வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்:
"ஆடு மேய்க்கதுக்கு இல்ல, பாக்கதுக்காக்கும்."

எடவப்பாதி மழைக்கு அது என் பேச்சைக் கேட்காது.
சனிக்கிழமை வெட்டினால்
புதன்கிழமை கணுக்கால் நனைக்கும்.

பெல்சிட்டா ஒன்றும் சொல்லவில்லை.
மார்த்தாண்டத்து ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடிந்து
முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாள்.
பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில்
ஈரப்பஞ்சு சுற்றிய ஏதாவது ஒரு கம்பு.
"மதிலோரம் ஒரு சாண் தானே" என்றாள்.
எடுத்துக்கோ என்றேன். சாண்தானே.

குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்து
புல்மேல் பரப்புவாள்.
அதற்கு மேல் சாணி, பலாச்சருகு, தேங்காய்த் தொண்டு.
அடியில் என் புல்
வெளுத்து, மஞ்சளாகி,
சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருந்தது.
எனக்குத் தெரியாது.

முப்பத்தொன்று.
புது பிளேடு நல்லா ஓடுகிறது என்று
பக்கத்துவீட்டு ஸ்டெல்லஸிடம் பெருமைகூடப் பேசினேன்.
இருபத்திரண்டு.
மெஷினை நிறுத்தினேன்.
இஞ்ச் டேப் எடுத்து வந்து அளந்தேன்.
திரும்பவும் அளந்தேன்.
அவள் உள்ளே உறக்கம்,
காலை ஒன்பது மணி, ஜன்னலில் கறுப்புத் துணி.
கோழிக்கொண்டையைப் பார்த்துத்தான் கத்தினேன்:
"காசு குடுத்து வாங்கின புல்லாக்கும்!"

கத்துவதற்குக் குனிந்ததால்தான் பார்த்தேன்.
ஒவ்வொரு செடியின் காலடியிலும்
டாக்டர் நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சி.
அதில் வெள்ளை பிளாஸ்டர். பச்சை மை.
பூவின் பெயர் ஒன்றிலும் இல்லை.

எட்டாம் கட்டில் ராசபாய், அந்திமந்தாரை.
சுகர் கால் டென்னிசன், நந்தியாவட்டை.
குளச்சல் இரட்டைப்பிள்ளைக்காரி,
ஒரே குழியில் இரண்டு பிச்சி.
மகன் வராதவர் என்று ஒரு குச்சி,
அங்கே முள்ளோடு ஏதோ,
அது என்ன செடியென்று இன்றுவரை தெரியவில்லை.

ஒரு குச்சியில் மட்டும்
பிளாஸ்டர் உரிக்கப்பட்டிருந்தது.
பசையின் தடத்தில் எறும்பு.
அடுக்குச் செம்பரத்தி.
அன்றைக்கு மூன்று பூ.

மத்தியானம் மீன்குழம்புக்கு முன்னால் உட்கார்ந்து
"முழுசும் எடுத்துருவியோ?" என்று கேட்டேன்.
கப்பையில் குழம்பைப் பிசைந்தபடி
"இல்ல" என்றாள்.
"உங்களுக்கு வழி விடுவேன்லா."

விட்டாள்.
அடுக்களை வாசலில் தொடங்கி
பைப்படியைச் சுற்றி
பலாமூடுவரை வளைந்துபோகும் ஒரு பச்சை நாடா.
அகலத்தை அளந்தேன்.
மெஷினின் அகலம், கூட நாலு விரல்.
அவள் எப்போது என் மெஷினை அளந்தாள்?

இருபுறமும் இடுப்பளவு செடி.
சங்குப்பூ கொடி ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடிக்கப் பார்க்கும்.
வெட்டி முடிக்க நாலு நிமிடம்.
ஒரு சாயா ஆறும் நேரம்கூட இல்லை.
ஆனாலும் சனிக்கிழமை தவறாது.

ஐப்பசி மழை விட்ட இந்தச் சனிக்கிழமை
நாடாவின் நட்டநடுவில்
இரண்டு இலை, ரத்தச்சிவப்பில் தண்டு.
காசித்தும்பை.
எங்கோ வெடித்த விதை.
காலடியில் குச்சி இல்லை,
யார் கொடுத்ததும் இல்லை.

மெஷினை அணைத்தேன்.
இரண்டு கையாலும் தூக்கி
அதைத் தாண்டி அந்தப்பக்கம் வைத்தேன்.
இடுப்பு பிடித்துக்கொண்டது.
கயிற்றை இழுத்தேன், பிடிக்கவில்லை,
இன்னொருமுறை.

உறக்கம் கலைந்த குரல் ஜன்னல் வழியாக வந்தது:
"என்னாச்சு, மெஷின் நின்னுட்டோ?"

"பெட்ரோல் தீந்துபோச்சு" என்றேன்.

ஐந்து நிமிடம்.