ஐந்தாவது கதிரை

சம்பளம் ஐந்து பேருக்குத்தான் என்றார்கள்,
என்னையும் சேர்த்து.
மின்சாரக் கட்டணத் துண்டின் பின்பக்கம்
ஐந்து கோடு கிழித்து
முதல் கோட்டில் என் பெயரை எழுதினேன்.
பென்சில்தான்.
மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றால்
அழிக்கச் சுகம்.

சுவக்கீனைக் குருநகர் ஐஸ் தொழிற்சாலையில் பிடித்தேன்,
விடியப்புறம் மூன்று மணி.
யாரோ சறுக்கிவிட்ட பாளத்தை
திரும்பிப் பாராமலே
காலை வைத்து நிறுத்தினான்.
நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.
"உன்ர கோலியை நாலு மணிக்கு எழுப்புவன், சரியோ?"
சரி என்றேன்.
கோலிக்கு இன்னும் சொல்லவில்லை.

றிஸ்மியா புத்தளத்தில் பிறந்து
ஐந்துசந்திக்குத் திரும்பி வந்தவள்.
ஆஸ்பத்திரியில் முழங்கால்களோடு பதினொரு வருசம்.
அவள் கேட்டது ஒரு திரைச்சீலை, ஒரு கட்டில்,
பிறகு ஒரு வாக்கு:
"நான் ஏலாது எண்டால் ஏலாது.
கோல் அடிக்கிற பெடியன் எண்டாலும்,
தலைவர் கோல் எடுத்தாலும்."
மாலைதீவில் ஏழு வருசம் வேலை செய்திருக்கிறேன்;
இவ்வளவு சின்ன ஒப்பந்தம்
நான் கண்டதில்லை.

பானுகோபன் கலியாண வீடியோக்காரன்.
பரீட்சைக்கு ஒரு சிநேகித ஆட்டம் கொடுத்தேன்.
அவனுடைய கமரா பந்தை அடிக்கடி தொலைத்தது.
கோபத்தோடுதான் பார்க்கத் தொடங்கினேன்.
எங்கள் இடப்பக்கப் பின்வரிசைக்காரன்
ஒவ்வொரு முறை பந்தைத் தட்டுவதற்கு முன்னும்
என் முகத்தைப் பார்க்கிறான்.
ஒவ்வொரு முறையும்.
இருபத்தேழு தரம்.
"தாலி கட்டேக்க நான் மாப்பிள்ளையைப் பாக்கிறேல்லை அண்ணை,
ஆர் அழப் போகினம் எண்டு பாப்பன்" என்றான்.
நாலாவது கோட்டில் அவன் பெயர்.

ஐந்தாவதுக்கு ஆள் தானாகவே வந்தது,
ஸ்காபரோவிலிருந்து, குரல்செய்தியாக.
கழகத்துக்குக் காசு போடுகிற விமலகாந்தன்.
அவருடைய பெறாமகன் ஒருவன்
இரண்டு கிழமைப் படிப்பு, ஒரு மடிக்கணினி,
நல்ல பெடியன், உனக்கு உதவியாய் இருப்பான்.
நான் கைகூப்பும் படமொன்றை அனுப்பினேன்.
அது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை.

எனக்குத் தேவை
என் காதுக்குள் 'பிழை' என்று சொல்லுகிற ஒருவன்.
பின்னேரம் கோண்டாவிலுக்குப் போனேன்,
குலேந்திரன் வீட்டுக்கு.
எனக்காக அவர்கள் கலைத்துவிட்ட பயிற்றுநர்.

இரு என்று சொல்லவில்லை.
நாய் மட்டும் வந்து மணந்து பார்த்தது.
"என்ர கதிரையில இருந்துகொண்டு
எனக்குப் பக்கத்துக் கதிரை தாறியோ?"
பதிலை நான் வழியெல்லாம் பாடமாக்கி வந்திருந்தேன்.
ஒரு சொல்லும் வரவில்லை.

உள்ளே போனார். கதை முடிந்தது என்று
மோட்டார்சைக்கிளைத் திருப்பிவிட்டேன்.
ஒரு கொப்பியோடு திரும்பி வந்தார்.
எவனுடைய தகப்பன் கடலுக்குப் போய் எத்தனை நாள்,
எவன் காலையில் சாப்பிடாமல் வருகிறான்,
எவனுக்குச் சனிக்கிழமைகளில் மட்டும் தொடை பிடிக்கும்,
இருபத்திரண்டு பேரும்
ஆளுக்கொரு பக்கம்.

"உன்ர பின்வரிசை பிழை.
இடப்பக்கத்தான் பயந்துபோய் நிக்கிறான்.
போன கிழமை பாத்தனான்."
"உங்களை உள்ளுக்குக் காணேல்லையே?"
"நான் ஏன் அவங்களுக்கு ரிக்கற் காசு குடுக்க?
மதிலுக்கு வெளியால,
சைக்கிள் சீற்றில ஏறி நிண்டு."

தொண்ணூறு நிமிசமும்.
ஐம்பத்தாறு வயது.

மின்சாரத் துண்டை நீட்டினேன்.
வெறுங்கோட்டைக் கனநேரம் பார்த்தார்.
"பேனை இருக்கோ?"

என்னிடம் பென்சில்தான் இருந்தது.
சட்டைப்பைக்குள் போன் அடிக்கத் தொடங்கியது.
ஸ்காபரோவில்
விடிந்திருக்க வேண்டும்.