இரண்டாம் தட்டு

ஆகஸ்டில் குதைபியாவின் காற்றைப்
பிழிந்தால் ஒரு குடம் நிரம்பும்.
கட்டுப் பிரித்த காகிதம்
பத்தே நிமிடத்தில் அதைக் குடித்துவிடும்.
அப்புறம் ஒன்றைக் கூப்பிட்டால் இரண்டு வரும்.

ஆகவே கடை திறந்ததும்
ரோவேனா ஏ.சி.யைப் பதினெட்டில் வைப்பாள்.
நான் ஐந்நூறு தாளையும்
சீட்டுக்கட்டாய் விசிறி, ஓரம் தட்டி அடுக்குவேன்.
முதல் தட்டில் வெறும் வெள்ளை.
இரண்டில், அன்றைக்கு யார் வேலை கொடுத்தார்களோ
அவர்கள் கம்பெனியின் முகப்புத்தாள்.
மூன்றில் ரசீதுக்கு மஞ்சள்.
பக்கத்தில் கதவுபோலத் திறப்பது
கவருக்கும் தடித்த அட்டைக்கும்;
கையால் ஊட்ட வேண்டும்.
ரிப்பேருக்கு வரும் சூசைநாதன்
அதற்குக் கையூட்டு என்று பெயர் வைத்திருக்கிறான்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான் என்பான்:
மேலே ஒரு ரப்பர் உருளை, வா என்று இழுக்கிறது.
கீழே ஒரு கார்க் துண்டு, நீ இரு என்று பிடிக்கிறது.
இரண்டுக்கும் நடுவே நழுவிப் போவது
ஒரே ஒரு தாள்.
ரப்பர் வழுக்கினால் எதுவும் வராது.
கார்க் தேய்ந்தால்
கூட்டமாய் வந்து வாசலில் சிக்கிக்கொள்ளும்.

இன்னொரு வசதியும் உண்டு.
ஒரு தட்டு தீர்ந்தால்
கேட்காமலே அடுத்ததில் எடுத்துக்கொள்ளும்.
சோற்றுக் கையோடு எழுந்து ஓடாதிருக்க
நான்தான் அதைப் போட்டுவைத்தேன்.

வியாழக்கிழமை.
கட்டுமானக் கம்பெனி கிளார்க்
முந்நூறு முகப்புத்தாள் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனான்.
நீல நங்கூரம், அரபியில் பெயர், அடியில் அஞ்சல்பெட்டி எண்.
விசா ரத்துக் கடிதம், ஆளுக்கு ஒன்று,
ராத்திரி வந்து வாங்கிக்கொள்வானாம்.

நாலு மணிக்குப் பிச்சைக்கனி வந்தார்.
சாரம் கட்டுகிறவர்.
நங்கூரம் அவர் சட்டைப்பையிலும் இருந்தது, வெளுத்து.
அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்:
நாலு மாதம் பதினோரு நாள்.
பாஸ்போர்ட் என்னிடம் இல்லை.
மூன்று பிரதி.

முதலாவது வெள்ளை. இரண்டாவது வெள்ளை.
மூன்றாவதுக்குச் சற்றே தாமதம்,
அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல்.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
அப்போது போனில் யாரோ.

தாளின் தலையில் நீல நங்கூரம்.
அதற்குக் கீழே
எனக்குச் சம்பளம் வரவில்லை,
அறையில் தண்ணீர் இல்லை,
தயவுசெய்து என்னை ஊருக்கு அனுப்புங்கள்.
கம்பெனியே அழுவதுபோல்.

பிச்சைக்கனி தடவிப் பார்த்தார்.
"இதுல படம் இருக்கேம்மா. இதையே நான் வச்சுக்கவா?"
வேண்டாம் அண்ணே, திருடினதா சொல்லுவாங்க.
பிடுங்கித்தான் வாங்கினேன்.
கிழிக்கும் மெஷினில்
நங்கூரம் சேமியாவாய் விழுந்தது.
வெள்ளை நிரப்பி இன்னொன்று அடித்துக் கொடுத்தேன்.
முந்நூறு ஃபில்ஸ் வாங்கவில்லை.
அந்த வசதியை அப்போதே அணைத்தேன்.

ராத்திரி ஒன்பதுக்குக் கடிதங்கள் ஓடின.
பெயர்களைப் படிக்கக் கூடாது என்பது என் வழக்கம்.
நூற்று நாற்பதில் பிச்சைக்கனியைப் படித்துவிட்டேன்.
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதோடு
மெஷின் நின்றது.
இரண்டாம் தட்டில் தாள் வைக்கவும்.

"ஒண்ணு குறையுதே?"
ஈரம் சார். ரெண்டு ஒட்டி வந்துடுச்சு.
கிளார்க் ஏ.சி.யைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
ஆபீஸ் ஞாயிற்றுக்கிழமைதான் திறக்கும்.

ரோவேனா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாள்.
வரிசையில் கடைசிப் பெயர் யாருடையதோ,
நான் பார்க்கவில்லை.
வெள்ளி, சனி இரண்டு நாளும்
அவனுக்கு வேலை இருக்கிறது.

இருட்டில் ஆரஞ்சு விளக்கு
கேட்டுக்கொண்டே இருக்கிறது.
மூன்றாம் தட்டு நிறைய மஞ்சள்.
தொடவில்லை.